எட்வின் பொன்னையாவின் பின்னாலேயே வந்த கெண்டை

ஏரியில் பிடித்த மீன், எடை போட்டு முடிந்த பிறகும் தண்ணீருக்குத் திரும்ப மனமில்லாமல், பிடித்தவரின் இடது தோளுக்கு ஒரு சாண் மேலே காற்றில் மிதந்துகொண்டு அவர் பின்னாலேயே கேட்டைத் தாண்டி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கரிமட்டத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்பதுதான் எல்லாருக்கும் இருந்த ஒரே கவலை. இடமும் கிடைத்தது. கண்டக்டர் மீனை மேலும் கீழும் பார்த்தார். சீட்டில் உட்காராததால் ஆள் டிக்கெட் வேண்டாம், தரையில் வைக்காததால் லக்கேஜ் டிக்கெட்டும் வேண்டாம் என்று சொல்லி விசில் ஊதினார். மீனைப் பிடித்த எட்வின் பொன்னையா வெள்ளிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சாந்தசீலி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தக் கோப்பையையும் அதைக் கொடுத்தவர்களையும் அதற்குக் கை தட்டியவர்களையும் மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துக் காறித் துப்பிக்கொண்டிருந்தாள். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது மீனும் திரும்பியது; திரும்பும்போது அதன் வயிற்றுக்குள் கலக் என்று ஒரு சத்தம் கேட்டது. பஸ்ஸில் இருந்த ஐம்பது பேருக்கும் கேட்டது. ஐம்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார்கள்.

அந்த ஏரியையும் அந்தப் போட்டியையும் பற்றி சாந்தசீலிக்கு நல்ல அபிப்பிராயம் ஒருநாளும் இருந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் மலைக்கு வந்த காலத்தில், தங்கள் ஊர் மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காமல், கண்ணாடிக் கெண்டையையும் பாசி நிறத்தில் வழவழவென்று இருக்கும் டெஞ்சு மீனையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள், மீனும் கிளப்பும் தங்கிவிட்டன. ஏரியைச் சுற்றி நாற்பது மரமுளைகள் அடித்து நம்பர் எழுதியிருந்தது. முளைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பச்சைக் குடை, குடைக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய சாமான். நடுத்தண்ணீரில் மிதிபடகில் புதுமண ஜோடிகள் கூச்சல் போட்டுக்கொண்டு போக, கரையில் குதிரைக்காரர்களும் மிளகாய் பஜ்ஜிக்காரர்களும் ஆள் பிடிக்க, அத்தனை களேபரத்துக்கும் நடுவில் கோயம்புத்தூர் பல் டாக்டரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரரும் தவத்தில் இருப்பவர்களைப் போல மிதவையையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். பிடித்த மீனைச் சாப்பிடக் கூடாது. முத்தம் கொடுத்து, போட்டோ எடுத்து, எடை போட்டு, திரும்ப விட வேண்டும். எடை கூடிய ஒற்றை மீனுக்குக் கோப்பை. விட்ட மீனை அடுத்த வாரம் அடுத்த ஆள் பிடிப்பார். உதடு கிழியாத மீன் ஒன்றுகூட அந்த ஏரியில் இல்லை.

"தின்னவும் மாட்டானுவ, விடவும் மாட்டானுவ" என்பாள் சாந்தசீலி. அவள் அந்த ஊர் அங்கன்வாடியில் டீச்சர். இருபத்தாறு வருஷமாக மாதம் தவறாமல் முப்பது பிள்ளைகளைத் துணித்தூளியில் போட்டுத் தொங்கு தராசில் எடை பார்க்கிறவள். ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கினாலே ஐம்பது கிராம் முன்னே பின்னே எடையைச் சொல்லிவிடுவாள். வாயில் பொத்தானையோ புளியங்கொட்டையையோ போட்டுக்கொண்ட பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு விரலை உள்ளே விட்டு வெளியே எடுப்பதற்கு அந்த மலையில் அவளை விட்டால் ஆளில்லை.

அந்த வருஷத்துப் போட்டியில் முடிவு நேரமான மூன்று மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும் வரை போஜன்தான் முதலில் இருந்தார். போஜன் மேல்ஹட்டியில் கேரட் போடுகிறவர். குடையும் பெட்டியும் இல்லாமல், தன் தோட்டத்து உருளைக்கிழங்கை அரைவேக்காடாக அவித்துத் தூண்டில் ஊக்கில் குத்தி, ஒன்பது வருஷமாக இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தவர். காலையிலேயே கைக்கொன்றாக இரண்டு டெஞ்சு பிடித்தார். மதியம் நாலு கிலோ நூறில் ஒரு கெண்டை பிடித்தார். ஜனங்கள் அவரிடம் போய்க் கை கொடுக்கக்கூடத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் எட்வின் பொன்னையா ஒரு வலைப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். தராசில் வைத்தார்கள். ஐந்து கிலோ நூறு. போஜன் தன் மீனைக் குனிந்து தண்ணீரில் விட்டார். அது ஒழுங்காக நீந்திப் போயிற்று. பொன்னையா தன் மீனை விட்டார். அது தண்ணீரைத் தொட்டது, வேண்டாம் என்பதுபோல் மேலே எழுந்தது, அவர் தோளுக்கு வந்து நின்றது.

மறுநாள் பொன்னையா மீனோடு அங்கன்வாடிக்கு வந்தார், பிள்ளைகளோடு நிற்க வைத்துப் போட்டோ எடுப்பதற்காக. அன்றைக்கு எடை பார்க்கும் நாள். சாந்தசீலி ஏதோ நினைத்துக்கொண்டு, எட்டி மீனைப் பிடித்தாள், அது திமிறவில்லை. அதன் கண் ஒரு மாதிரி இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் மேடையில் பேசும்போது தான் எப்படிப் பார்ப்பாளோ அப்படி அது பொன்னையாவைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவளுக்குத் தோன்றியது. தூளியில் போட்டாள். ஐந்து கிலோ நூறு. ஆனால் தூக்கிய கைக்கு அது மூன்று கிலோ சொச்சம் மீன்தான் என்று தெரிந்துவிட்டது; மிச்ச எடை எல்லாம் ஒரே இடத்தில், அடிவயிற்றில் கிடந்தது. தடவிப் பார்த்தாள். ஏழு உருண்டைகள். அடிப்பக்கம் வளைவு, மேல்பக்கம் தட்டை. பணியாரக் குழியின் வடிவம். போன மாதம் பொன்னையா அவளிடம் வீட்டுப் பழைய பணியாரச் சட்டியைக் கேட்டு வாங்கிக் கடைக்குக் கொண்டுபோயிருந்தார். அவருடைய இரும்புக்கடையில், பழைய குழாய்களிலிருந்து கழற்றிய ஈயம் மூட்டையாகக் கிடந்தது.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது கேட்டாள்.

"அது வயித்துல என்ன இருக்கு?"

"சினையா இருக்கும்."

"சினை கலகலன்னு சத்தம் போடுமா?"

"மலை மீனுல்லா. குளிருக்குச் சினை கெட்டிச்சிப் போயிருக்கும்" என்றார் பொன்னையா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சமாவது மெனக்கெட்டிருந்தார். இந்தப் பொய்க்கு அவர் ஒரு துளிகூட மெனக்கெடவில்லை என்பதுதான் அவளுக்கு உறைத்தது. மீன் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, சிந்திய சோற்றுப் பருக்கைகளைக் குனிந்து பொறுக்கித் தின்றுவிட்டு மேலே போனது. கலக்.

அடுத்த வாரம் கிளப் கமிட்டி கூடியது. செயலாளர் ஸ்ரீவத்ஸன் பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். விதிப் புத்தகத்தை மூன்று முறை புரட்டினார். பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்று விதி இருந்தது. விட்ட மீன் ஏரிக்குள் போயாக வேண்டும் என்று விதி இல்லை. ஆகவே பொன்னையா எந்த விதியையும் மீறவில்லை என்றும், மீன் தன் சொந்த விருப்பத்தில்தான் வந்திருக்கிறது என்றும், அதன் விருப்பத்தில் தலையிடக் கிளப்புக்கு அதிகாரம் கிடையாது என்றும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை வாசிக்கும்போது மீன் பல்பை ஒரு சுற்றுச் சுற்றியது. கலக், கலக். செயலாளர் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

ஆனால் பெயரில்லாத சத்தத்தை ரொம்ப நாளைக்குக் கேட்காததுபோல் இருக்க முடியாது. ஒரு பஜ்ஜிக்காரர்தான் முதலில் "மணியடிக்குது" என்றார். அவ்வளவுதான், ஊரே பெருமூச்சு விட்டது. மணிக்கெண்டை என்று பெயர் வந்தது. பெயர் வந்ததும் மகிமையும் வந்தது. புதுக் கார் வாங்கியவர்கள் பொன்னையாவின் கடை வாசலில் வண்டியை நிறுத்தி மீன் ஒருமுறை மேலே போய்வரக் காத்திருந்தார்கள். பரீட்சைக்குப் போகும் பெண்கள் ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். பேக்கரிக்காரர் மீன் வடிவத்தில் வர்க்கி போட்டார். பொன்னையாவின் வீடு இருந்த தெருமுனை மணிக்கெண்டை ஸ்டாப் ஆயிற்று. கோயிலில் பொன்னையா உட்காரும் பெஞ்சுக்கு மேலே மீனும் வந்து நிற்கும். குருவானவர் மனந்திரும்புதலைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது அது புரண்டு கலக் என்று சொல்லும். சபையார் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்பார்கள். ஈயம் ஈயத்தில் மோதும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களா? குழாய் வேலை பார்க்கிறவர்கள், பழைய இரும்பு வாங்குகிறவர்கள், தராசு பிடித்தே தலை நரைத்த வியாபாரிகள். அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் குனிந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். சாந்தசீலி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, இவன் ஒரு புழு, இவள் ஒரு புழு என்று மனசுக்குள் முளை நம்பர் போட்டுக்கொண்டே வந்தாள். இந்த ஊரிலேயே நேராகப் பார்க்கத் தெரிந்தவை இரண்டுதான், ஒன்று தான், இன்னொன்று அந்த மீன் என்று அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது.

அந்த ஜூனில் கிளப் ஒரு நல்ல காரியம் செய்தது. அங்கன்வாடிக்கு இருந்தது ஓட்டைத் தகரக் கூரை. மழைக்காலத்தில் பிள்ளைகளைச் சுவரோரமாக வரிசையில் ஒண்ட வைத்துத்தான் பாட்டுச் சொல்லித்தர வேண்டும். பதினோரு வருஷமாக அவள் எழுதிய மனு ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. மணிக்கெண்டையின் பெயரில் கிளப் அதற்குக் கான்கிரீட் கூரை போட்டுக்கொடுக்க முன்வந்தது. கூரைக்குச் சாரம் கட்டி, வாசலில் சிமெண்டும் ஜல்லியும் கலந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை போஜன் வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஒரு பை கேரட் கொண்டுவந்து கொடுப்பது அவர் வழக்கம். பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்த மீனை நீங்க தூக்கிப் பாத்திருப்பீங்க. எங்க வீட்டுப் பிள்ளைங்களைத் தராசு இல்லாமலே எடை சொன்ன கை உங்களுது." அவர் சொற்களைத் தேடி எடுத்தார். "கோப்பை எனக்கு வேண்டாம். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். நிஜமாவே என் மீன்தான் சின்னதா?"

வெளியே சிமெண்ட் கலவை சட்டி சட்டியாக மேலே போய்க்கொண்டிருந்தது. சாந்தசீலி கேரட்டுகளை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"மீன் பிடிக்கிறது உங்க ஆம்பளைங்க விளையாட்டு. எனக்கென்ன தெரியும்?"

போஜன் தலையை ஆட்டினார். "சரிங்க டீச்சர், போயிட்டு வரேன்" என்றார். கேரட் வழக்கம்போல வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தது. அவர் ஏரிப்பக்கம் தூண்டிலை எடுத்துக்கொண்டு போவது நின்றுபோயிற்று.

மீன் இறங்கத் தொடங்கியது ஆடி மழையில். முதலில் தோளுக்கு மேலே இருந்தது தோளுக்கு வந்தது. ஓணத்துக்குக் கேரளத்துக் கூட்டம் வந்தபோது இடுப்பளவில் இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பொன்னையாவின் முழங்காலில் இடித்துக்கொண்டு வந்தது. செதில் மங்கி, முதுகெலும்பு தெரிய, வயிறு மட்டும் பைபோலத் தொங்கியது. அதன் தாழ்மையைப் பாருங்கள் என்று குருவானவர் ஒரு பிரசங்கம் செய்தார். பங்குனியில் அதன் வயிறு தார் ரோட்டில் உரச ஆரம்பித்ததும் கிளப் ஒரு சின்ன நாற்காலி செய்து, அதற்கு நாலு சக்கரம் வைத்து, வெல்வெட் விரித்துக் கொடுத்தது. பொன்னையா அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கலக் என்றது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"செத்துப் போகும்" என்றாள் சாந்தசீலி ஒருநாள்.

"போட்டி முடியட்டும்" என்றார் பொன்னையா. "இந்த வருஷம் அதுதான் தொடக்கி வைக்குது. நோட்டீஸ்லாம் அடிச்சாச்சு."

மே மாதம் இரண்டாவது ஞாயிறு, நாற்பது முளைகளிலும் நாற்பது குடைகள் விரிந்திருக்க, படித்துறையில் பந்தல் போட்டு, தராசுக்கு மாலை போட்டு, தராசுக்குப் பக்கத்தில் மீனை நாற்காலியோடு வைத்திருந்தார்கள். செயலாளர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மீன் வாயைத் திறந்தது, மூடவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தது. சாந்தசீலி முன்வரிசையிலிருந்து எழுந்து போனபோது, மாலை போடப் போகிறாள் என்று நினைத்து வழி விட்டார்கள். அவள் மீனைத் தூக்கினாள், வாலைப் பிடித்துத் தலைகீழாக்கினாள், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள், விரலை வாய்க்குள் விட்டாள்.

முதல் உருண்டை தராசுத் தட்டில் விழுந்தபோது மைக்கில் அது டங் என்று ஏரி முழுக்கக் கேட்டது. இரண்டாவது விழுந்தது. குதிரைகள் காதைத் திருப்பின. ஏழாவது விழுந்தபோது மிதிபடகுகள்கூட நின்றுவிட்டன. தட்டில் ஏழு ஈயப் பணியாரங்கள் சளியோடு பளபளத்தன. முள் ஒரு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது.

"போன வருஷம் இதுக்குத்தான் கோப்பை குடுத்தீங்க" என்றாள் சாந்தசீலி.

யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். பொன்னையாவின் சட்டையை யாராவது பிடிப்பார்கள், செயலாளர் மயங்கி விழுவார், குருவானவர் முழங்கால் போடுவார் என்றெல்லாம் ஒரு வருஷமாக அவள் தினமும் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அதில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், கைக்குழந்தையோடு நின்றவள், அழாக்குறையாகக் கேட்டாள்.

"அப்போ இனிமே சத்தம் வராதா?"

அதற்குப் பிறகுதான் கூச்சல் எழுந்தது. எல்லாமே சாந்தசீலியின் மேல். நல்லா இருந்த மீனைக் கெடுத்துட்டா என்றார்கள். புருஷனைச் சந்தியில் நிறுத்தினவ என்றார்கள். பேக்கரிக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, எடை போட்ட நேரத்தில் மீனுக்குள் இருந்தது எதுவோ அது மீனைச் சேர்ந்ததே என்றும், கையெழுத்தான எடையை மாற்ற வழியில்லை என்றும் மைக்கில் அறிவித்தார். கை தட்டல் எழுந்தது. ஈயத்தை யாரோ அதற்குள் ஒரு வெள்ளித் தட்டுக்கு மாற்றி, கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார்கள். பொன்னையா மட்டும் காலி நாற்காலியின் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று அவள் உற்றுப் பார்த்தாள். பல்வலி விட்டவனின் முகம்போல, அசட்டு நிம்மதிதான் இருந்தது.

அவள் மீனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இப்போது அது மூன்று கிலோகூட இல்லை. இத்தனை நாள் கூட்டாளி என்று நினைத்திருந்த அந்தக் கண்ணைக் குனிந்து பார்த்தாள். அது பொன்னையாவைப் பார்த்த அதே பார்வையில், கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், அவளையும் பார்த்தது. தண்ணீரில் விட்டாள். இந்த முறை மேலே எழவில்லை. வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போயிற்று.

விசில் ஊதினார்கள். போட்டி தொடங்கியது. ஒரு வருஷம் சோற்றுப் பருக்கையையே தின்ற மீன் எவ்வளவு பசியோடு இருந்ததோ, அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பன்னிரண்டாம் முளையில் கோயம்புத்தூர் பல் டாக்டர் போட்ட சப்பாத்தி மாவைக் கவ்வி, ஊக்கில் மாட்டி, வலையில் ஏறி வந்தது. டாக்டர் அதற்கு முத்தம் கொடுத்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு கிலோ எண்ணூறு என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். எந்த மீன் என்று யாரும் கவனிக்கவில்லை.

சாந்தசீலி படித்துறையின் ஓரத்தில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு படி தள்ளி, தூண்டில் இல்லாமல், போஜன் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். நன்றி என்றோ, நல்லா செஞ்சீங்க டீச்சர் என்றோ. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதுகூட அவளிடம் தயாராக இருந்தது.

"அன்னைக்கே தெரியுமா டீச்சர்?" என்றார் போஜன். "நான் கேட்டேனே, அன்னைக்கு."

"தெரியும்."

"வீட்டுக்காரருக்குப் பயந்தா?"

அவருக்கா பயம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"கூரை போட்டுட்டு இருந்தாங்க" என்றாள்.

போஜன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் யாரோ ஒருவர் டெஞ்சு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார். யாரோ கை தட்டினார்கள்.

"ஒழுகுதா?"

"இல்ல."

"நல்லது" என்றார் போஜன். எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரே ஒருநாள்கூடத் தவறாமல் சொல்லும் அந்தப் போயிட்டு வரேன் டீச்சரைச் சொல்லாமல், படியேறிப் போனார்.